யார் கைத் தையல்?

“பிரிச்சிப் போட்டுடு அத. இன்னாத்துக்கு இன்னும் வச்சிக்கினு?”

கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான் தங்கராசு. விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. ஆட்டோவின் பிளக்கைச் சூட்டோடு கழற்றியதில் சுட்டுவிட்டதாம், அதனால் கஞ்சியை ஸ்பூனால் குடித்துக்கொண்டிருந்தான்.

அவன் பெண்டாட்டி அமராவதி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் போர்வை, கையில் பிளேடு.

மகள் இசைவாணி போட்டுக் கிழித்த கவுன், தீபாவளிப் பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, மகளுக்கென்றே அவள் கையால் தைக்க ஆரம்பித்த போர்வை அது. பாதி தைத்திருந்தபோதுதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை உயிரோடு திரும்பி வரவில்லை.

டிரங்குப் பெட்டியின் அடியில் போர்வையைப் போட்டு மூடியவள், அதற்கப்புறம் திறக்கவேயில்லை. ‘தானே’ புயல் வீட்டு ஓட்டைப் பிய்த்து எறிந்து, பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்காவிட்டால் இப்போதும் திறந்திருக்க மாட்டாள். துணிகளை வெயிலில் காயப்போட்டு எடுத்தபோதுதான் மனசு அடித்துக்கொண்டது. எப்படியாவது தைத்து முடித்து, ஒரு ராத்திரியாவது அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும்.

ஆனால் ஓரத்தைப் பார்த்தால், அவள் விட்ட இடத்தோடு தையல் நிற்கவில்லை. வேறு யாரோ மேற்கொண்டு தைத்திருக்கிறார்கள். அதைத் தையல் என்று சொன்னால் தையலே கோபித்துக்கொள்ளும். யூனிபார்ம் துண்டு உள்பக்கம் வெளியே தெரியக் கிடக்கிறது, பாவாடைச் சரிகை தலைகீழ். நூல் ஓரிடத்தில் இழுத்துச் சுருங்கியும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் ஓடுகிறது.

பக்கத்து வீட்டிலிருந்து நாத்தனார் புஷ்பவள்ளியைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அமராவதி தையல் கடைக்கு வேலைக்குப் போனால் வீட்டுச் சாவி புஷ்பவள்ளியிடம்தான் இருக்கும். பால்வாடி டீச்சர், பொறுப்பான பெண்தான். ஆனாலும் வேறு யாரைச் சந்தேகப்படுவது?

“ஊசி புடிக்கத் தெரியலன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல புஷ்பா?”

“சத்தியமா நான் தொடல அண்ணி.”

“அப்ப யாரு, பேயி வந்து தச்சிட்டுப் போச்சா?”

புஷ்பவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனாவது ஏதாவது சொல்லட்டும் என்று அவனைப் பார்த்தாள். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஆட்டோ நின்றது. மகள் பிறந்த வருசம் வாங்கியது. முதுகில் ‘இசைவானி’ என்று அவனே பெயிண்ட் தொட்டு எழுதியிருந்தான்.

கல்லு மனசுக்காரன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். மகளை மண்ணில் வைத்த மறுநாளே ஆட்டோவை ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினவன். அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. அமராவதிக்கு அதுதான் இன்னும் ஆறவேயில்லை.

“பாத்துக்கினே உக்காந்திருக்கியே, உனக்கு ஒண்ணுமே தோணலியா?”

“அதான் பிரிச்சிடுன்னு சொல்றேனே. அசிங்கமா இருக்கு.”

“பிரிக்காம? என் பொண்ணு போர்வையில வேத்தாளு கை எதுக்கு? ஒரு தையல் விடாம பிரிச்சிட்டுத்தான் ஊசியத் தொடுவேன். இல்லன்னா அடுப்புல போட்டுடறேன்.”

பிளேடு ஓரத்தில் ஏறியது. நூல் பட்பட்டென்று அறுந்தது. தங்கராசு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான்.

அமராவதி மடிப்பை விரித்தாள். நடுவில் மகளின் பெயர். ‘இசைவா’ வரைக்கும் சிவப்பு நூலில் அவள் போட்ட சங்கிலித் தையல். பாக்கியை யாரோ கோணல்மாணலாக முடித்து வைத்திருந்தார்கள். அந்த எழுத்தைச் சுற்றி ஒரே ஊசி ஓட்டை. தைத்துத் தைத்துப் பிரித்திருக்கிறார்கள்.

புஷ்பவள்ளி குனிந்து பார்த்தாள்.

“அண்ணி, ‘ணி’யில ரெண்டு சுழிதான் இருக்கு.”

அமராவதியின் கை நின்றது. மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தாள். ஆட்டோவின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் பிளாஸ்திரி ஒட்டிய அந்த விரல்களைப் பார்த்தாள்.

‘எனக்கு ஒரு சுழி பாக்கி வச்சிட்டப்பா’ என்று, ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் அப்பனைக் கிண்டல் பண்ணுவாள் இசைவாணி.

அமராவதி பிளேடைத் தூரப் போட்டாள். புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தான் அறுத்த இடத்தைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துப் புருசனிடம் நீட்டினாள்.

“மிச்சத்தையும் நீயே தைய்யி.”

தங்கராசு ஊசியை வாங்கினான். போர்வையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். இத்தனை நாளும் யாரும் பார்க்காத கண்ணீர் அந்தப் பெயரின் மேலேயே விழுந்தது.

“அந்த மூணாவது சுழி மட்டும் எனக்கு வரவேயில்ல, அமராவதி.”