கிளிப்பச்சைத் தூண்கள்

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது?"

கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி மோனிஷா கேட்டாள். கேட்டாள் என்பதைவிடக் கத்தினாள் என்பதே சரி.

பழைய பள்ளிவாசல்களின் மரவேலைப்பாடு பற்றி ஒரு புத்தகம் வருகிறது. படங்கள் அவளுடையவை. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இந்தப் பள்ளிவாசலின் தேக்குத் தூண்களை அட்டையில் போடுவதாகப் பேச்சு. அதற்காகச் சித்திரபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினால், பூவும் கொடியுமாகச் செதுக்கிய தூண்கள் முழுக்கக் கிளிப்பச்சை!

கமிட்டி செக்ரட்டரி நூஹு தலையைச் சொறிந்தார்.

"நோம்பு வருதில்லீங்களா... பளிச்சுனு இருக்கட்டும்னு..."

"தேக்கு மேல எனாமலா பாய்? எதிர்ல இருக்கிற பெயிண்ட் கடை யாரோடது?"

"நம்மளுதுதானுங்க."

"நெனச்சேன்!"

நூஹுவின் முகம் சுருங்கியது.

"ஒரே ஒரு தூணையாவது சுரண்டித் தாங்க. படத்த எடுத்துட்டுப் போயிடுறேன்."

நூஹு வாசலைப் பார்த்தார். சுமை தூக்கும் கருப்புசாமி அங்கே நின்ற லாரியோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க."

"அப்ப அட்டையில வேற ஊர்ப் பள்ளிவாசல்தான் வரும்."

அட்டையில் நம்ம பள்ளிவாசல் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து வைத்திருந்தவர் நூஹு.

"பரவால்லீங்க. வரட்டும்."

இப்படியும் ஒரு மனுஷனா என்று மோனிஷாவுக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் கருப்புசாமியே டீ கிளாசோடு எழுந்து வந்துவிட்டார்.

"அம்மிணி, கலரு எப்படி? நாந்தானுங்க அடிச்சேன். என்ற மக பொழச்சு எந்திரிச்சா, வருசா வருசம் நோம்புக்கு முன்னால என் கையால பெயிண்ட் அடிக்கறேன்னு இங்க வேண்டிக்கிட்டேன். இப்ப அவளுக்கே ரெண்டு புள்ளைங்க!"

மோனிஷாவின் கோபம் பொசுக்கென்று இறங்கியது.

"பெயிண்ட் மட்டும் வெளிய வாங்கப்படாது, பாய் கடையிலதான் எடுக்கோணும்னு கமிட்டியில சட்டமுங்க."

இறங்கிய கோபம் மறுபடி ஏறியது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்ல முடியும்?

"ரொம்ப நல்லாருக்குண்ணே."

கருப்புசாமி வாயெல்லாம் பல்லாக லாரிப் பக்கம் போனார். மோனிஷா பெருமூச்சோடு தூணில் சாய்ந்தாள்.

"ஐயோ, சாயாதீங்க!"

நூஹு பதறியபோது நேரம் கடந்துவிட்டது. அவளுடைய வெள்ளைச் சுடிதாரின் தோள் பச்சையாகியிருந்தது.

"எப்ப அடிச்சது பாய் இது?"

"போன மாசம்."

"இன்னுமா காயல?"

நூஹு லாரிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க. எனாமலுக்குப் பதிலா அந்த டப்பாவுல, தொட்டா ஒட்டற டிஸ்டெம்பரத் தண்ணியில கலக்கி ஊத்திக் குடுக்கறது நாந்தானுங்க. பெருநாள் முடிஞ்சு அவரு மக ஊட்டுக்குப் போனதும் ஈரத்துணி போட்டுத் தொடச்சுருவோம். பூ இடுக்குக்கெல்லாம் பல்லு வெளக்கற பிரஷ்ஷு. தேக்குக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

மோனிஷாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"பெருநாள் கழிச்சே வந்து எடுத்துக்கிறேன் பாய். அட்டை உங்களுக்குத்தான். ஆனா வருசா வருசம் பெயிண்ட் காணாமப் போனா அண்ணனுக்குச் சந்தேகம் வராதா?"

"வராம என்னங்க? பாய் கடையில மட்டும் பெயிண்ட் வாங்கிராதீங்க, ஒரு மழைக்குத் தாங்காதுன்னு ஊரு பூரா சொல்லி வச்சிருக்காரு!"