தயிர் உறையாத வாளி

மூடியைத் திறந்த ஃபிக்ரியா, வாளியை லேசாக ஆட்டினாள். பால் தளும்பியது. நேற்று ஊற்றிய பால், ஊற்றியபடியே இருந்தது.

"அக்கா, இர்பித் ஊரே பேசுற உன் தயிர் இதுதானா?"

சுப்ஹியாவின் முகம் சுண்டிப்போனது. வெள்ளிக்கிழமை விருந்து. கறிக் கொழுக்கட்டையெல்லாம் தயார். அவற்றைத் தயிரில்தான் வேகவைக்க வேண்டும்; அந்தத் தயிர்தான் இல்லை.

"போன வாரம் சோத்துல ரெண்டு தடவை உப்பு. இன்னைக்கு இது. வயசாயிடுச்சு, ஒத்துக்கோ. பேசாம அடுப்பை மருமகள்கிட்ட விட்டுட்டு உட்காரு."

கூடத்தில் இருந்த உறவெல்லாம் தலையாட்டியது. அடுப்பைப் பிடுங்கினால் சுப்ஹியாவுக்கு வேறு என்ன இருக்கிறது?

மருமகள் அரீஜ் முன்னால் வந்தாள். பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் ஆராய்ச்சி செய்பவள்.

"அத்தை மேல தப்பில்ல சித்தி. இது எங்க லேப் வாளி. அத்தைக்குத் தெரியாம நான்தான் பாலை இதுல மாத்தினேன். ஆஸ்பத்திரிக்குன்னு செஞ்ச பிளாஸ்டிக். மேல பட்ட கிருமியோட தோலைக் கிழிச்சுக் கொன்னுடும்."

"கிருமி செத்தா நல்லதுதானே?"

"பாலைத் தயிராக்குறதும் கிருமிதான் சித்தி. அதுவும் சேர்ந்து செத்துப்போச்சு."

கூடமே சிரித்தது.

"டாக்டர் பட்டம் வாங்கினவளுக்கு இது தெரியலையாக்கும்!" என்றாள் ஃபிக்ரியா.

சுப்ஹியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் மருமகள் மேல்தான் பாய்ந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! என் கையில ஒரு குறையும் இல்ல. இவ படிப்புதான் என் தயிரைக் கொன்னுது. இனி என் அடுப்புப் பக்கம் வந்தே, காலை உடைச்சிடுவேன்!"

விருந்தாளிகள் முன்னால் இப்படியா பேசுவாள் ஒரு மாமியார்! அரீஜ் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள்.

கடைத் தயிரில் விருந்து ஒப்பேறியது. எல்லோரும் போனதும் மகன் நிதால் வாளியைக் குப்பைக்குத் தூக்கினான்.

"வைடா அதை!" பிடுங்கிக்கொண்டாள் சுப்ஹியா.

"எதுக்கும்மா? இந்தச் சனியனாலதானே இவ்வளவும்?"

"சந்தையில நானே பேரம் பேசி வாங்கின சாதா வாளிடா இது." அவள் மருமகளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். "அடுத்த தடவையும் நான் உறை ஊத்த மறந்தா, பழி போட இவளுக்கு ஒரு வாளி வேணாமா?"