மரப்பட்டையில் ஒரு மனு

விவாகரத்து கேட்டு வந்த மைனா ஜோடியிடம் மரங்கொத்தி வக்கீல், "மனுவை மரப்பட்டையில்தான் கொத்துவேன். அப்புறம் அழிக்க முடியாது, பார்த்துச் சொல்லுங்க," என்றது.

"என் குஞ்சு என்கிட்டதான் வளரணும்," என்றது ஆண் மைனா.

"என் குஞ்சை யாருக்கும் தரமாட்டேன்," என்றது பெண் மைனா.

கொத்தப் போன வக்கீல் நிறுத்தியது. "இடி இடிச்சா அது என்ன செய்யும்?"

ஆண் பெண்ணைப் பார்த்தது. "நம்ம குஞ்சு உன் சிறகுக்குள்ளதானே ஓடி வந்து புகுந்துக்கும்?"

"ஆனா நீ பாடினாத்தானே நம்ம குஞ்சுக்கு நடுக்கம் நிக்கும்!"

ஆயிரம் வழக்கு பார்த்த மரங்கொத்தி, தூக்கிய அலகோடு அப்படியே நின்றுவிட்டது. பிறகு இரண்டே சொல் கொத்தி மனுவை முடித்தது.

மைனாக்கள் ஆளுக்கொரு மரத்துக்குப் பறந்தன.

யானை நீதிபதி பட்டையைத் தும்பிக்கையால் தடவிப் படித்தது. படித்ததும் எழுந்து நின்றது.

'நம்ம குஞ்சு.'