நம்ம ஆபீஸ்தான்

கணவரின் சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டாள்.

"சார் எந்த டிபார்ட்மென்ட், மேடம்?" நர்ஸ் இன்னும் ஊசியை எடுக்கவில்லை.

"ஆபீஸ்."

அவள் அந்தக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை. கணவருக்குப் பெயிண்ட் கடை. ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தது. மனிதர் வாசற்படி தாண்டவில்லை.

ஊரே தடுப்பூசிக்கு அலைந்த நேரம். இந்த முகாம் கல்லூரி ஊழியர்களுக்கு மட்டும். அவரைக் காரில் உட்காரவைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். குப்பியில் இன்னும் ஒருவருக்கு மருந்து இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும் போன் போட்டுவிட்டாள்.

நர்ஸ் கதவுப் பக்கம் திரும்பினாள். காவலாளி சேர்மதுரை அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சார் இங்கயா வேலை பாக்காங்க?"

அவருக்கு அவள் கணவரைத் தெரியும். எத்தனையோ மழை நாளில் அந்தக் காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்.

ஊசி சேர்மதுரைக்கும் வேண்டியிருந்தது. காலையில் அவளிடம்தான் கேட்டார். "நீங்க செக்யூரிட்டி ஏஜென்சி ஆளுல்லா? காலேஜ் ஸ்டாஃபுக்குத்தான் முதல்ல," என்று சொன்னதும் அவள்தான்.

கல்லூரி விடுதி கொரோனா வார்டாக இருந்தபோது அதன் வாசலில் நின்றவர் அவர். அப்போது அவள் வீட்டிலிருந்து, செல்போனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

சேர்மதுரை அவளைப் பார்த்தார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. நம்ம ஆபீஸ்லதான் இருக்காவ."

ஊசி இறங்கியது. நர்ஸ் காலிக் குப்பியைத் தொட்டியில் போட்டாள்.

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சேர்மதுரையே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து மின்விசிறிக்குக் கீழே போட்டார். கணவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். எழுந்து கதவருகே போனாள்.

"சேர்மதுரை..."

அவர் சட்டென்று ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார். முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், மேடம்."

அதற்காக வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

ஆனால் அதைக் கேட்ட நொடியில் அவள் நெஞ்சு லேசாகிவிட்டிருந்தது.

முகம் சுட்டது.

"சரி," என்றாள்.