பிளேடு பட்ட எட்டுப் பக்கங்கள்

“இருநூத்திப் பதிமூணுலேர்ந்து இருநூத்தி இருபது வரைக்கும் காணோம்க்கா. யாரோ பிளேடு போட்டு எடுத்திருக்காங்க,” என்றான் லாய்ட்.

பியூலா புத்தகத்தை வெடுக்கென்று வாங்கிப் பார்த்தாள். நாலு தாள். அவசரத்தில் கிழித்த மாதிரி இல்லை. ஸ்கேல் வைத்து அறுத்த மாதிரி நேராக இருந்தது.

மாரிகுப்பத்தில் காலையில் கிளம்பி பெங்களூர் போகிற ரயிலில் இவர்கள் நாலு பேரும் ஒரு செட்டு. மாசத்துக்கு ஒரு புத்தகம், ஆளுக்கு ஒரு வாரம். படித்து முடித்தவர் பின் அட்டையில் ஒட்டிய தாளில் கருத்து எழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எல்லாரும் முடித்ததும் ஒரு திங்கட்கிழமை, பங்காரப்பேட்டை தாண்டினால் கச்சேரி ஆரம்பம். சட்டமெல்லாம் பியூலா போட்டது.

இந்த மாதம் சஸ்பென்ஸ் நாவல். ஏலகிரியில் ஒரு சொகுசு வில்லா. இன்றைக்கு அங்கே லீவுக்கு வந்த நாலு தோழிகள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதே வில்லாவில் கொலையான முதலாளியம்மா. ஒரு அத்தியாயம் இன்று, ஒரு அத்தியாயம் அன்று.

முதல் கருத்து பியூலாவுடையது. “ஒவ்வொரு பக்கமும் தங்கம். ஒரு வரியைக்கூட விட முடியாது.” தங்கவயல்காரி வேறெப்படி எழுதுவாள்? உண்மையைச் சொன்னால், அந்த வாரம் சர்ச்சில் கொயர் ப்ராக்டீஸ். அவள் படித்தது முதல் முப்பது பக்கமும் கடைசி அத்தியாயமும்தான். கருத்து எழுத அது போதாதா என்ன?

அடுத்துப் படித்தவர் சிரில். அவர் முடித்ததும் புத்தகத்தை மங்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோனவளே பியூலாதான். சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நின்று “மங்கம்மாக்கா” என்று கூப்பிட்டுக் கொடுத்தாள். அந்தத் தெருவில் யாரும் மங்கம்மா வீட்டுக் கதவைத் தட்ட மாட்டார்கள்.

“மங்கம்மாக்கா, நீங்க படிக்கும்போது இந்தப் பக்கம் இருந்துச்சா?”

“நம்பரை யாரும்மா பாத்தாங்க? பழசும் புதுசும் மாத்தி மாத்தித் தாவுது. அப்படித்தான் எழுதிக்கீறாங்கன்னு நெனச்சிக்கினேன்.” மங்கம்மா சிரித்தாள். “எனக்கு அந்த வாட்ச்மேனைத்தான் புடிச்சுது. பாவம், கொலையைக் கண்ணால பாத்துட்டான். அப்புறம் அவன் பேச்சே இல்ல. எப்படியோ தப்பிச்சி ஊருக்குப் போயிட்டான் போல. மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு.”

ஜன்னலோரம் இருந்த சிரில் நிமிர்ந்தார். “நான்தான் எடுத்தேன்,” என்றார்.

பியூலாவுக்குச் சுருக்கென்றது. ஐம்பத்தஞ்சு வயசு ஆள். ஒரு காலத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது ஏதோ கம்பெனியில் செக்யூரிட்டி. எல்லாரையும் விட ஆசையாகப் படிக்கிறவர்.

“ஏன்ணே?”

சிரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எதுக்குன்னாவது சொல்லுங்க.”

“வேணாம், விடும்மா.”

“எப்படி விடறது? ஒரு வரியைக்கூட விட முடியாத புத்தகம்னு நான் எழுதியே வெச்சிருக்கேன். நீங்க எட்டுப் பக்கத்தைக் காலி பண்ணியிருக்கீங்க. புத்தகத்துக்கு மரியாதை தெரியாதவங்களுக்கு இந்த செட்டுல இடம் கிடையாது. அடுத்த புத்தகத்துக்கு நாங்க மூணு பேர் போதும்.”

பக்கத்து சீட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சிரில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய், வாசல் கம்பியைப் பிடித்து நின்றார். பதினோரு வருஷமாக அவர் உட்காருகிற ஜன்னல் சீட்டு காலியாகக் கிடந்தது.

“பெரிய மனுசனைப் போய் இப்படிப் பேசிட்டியேம்மா,” என்றாள் மங்கம்மா. ஒயிட்ஃபீல்டில் இறங்கும்போது அவர் தோளைத் தொட்டு, “போய் உக்காரு சிரிலு, ரோசப்படாத,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரயில் நகர்ந்தது. மங்கம்மா படியேறி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த சிரில், திரும்பி வந்து பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து பியூலாவிடம் நீட்டினார். உள்ளே மடங்காமல் கசங்காமல் நாலு தாள்.

“மங்கம்மா படிச்சி முடிச்சதும் லாய்டுகிட்ட குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். போன வாரம் எனக்கு நைட் ஷிஃப்ட், பாக்க முடியல. ஒட்டிக்கலாம்.”

பியூலா படித்தாள். கொலையைப் பார்த்த வாட்ச்மேனை நிலவறையில் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். அவன் கதவைத் தட்டுகிறான். முதல் நாள் முழுக்கத் தட்டுகிறான். இரண்டாம் நாள் விட்டு விட்டுக் கேட்கிறது. மூன்றாம் நாள் காலையில் சத்தம் நின்றுவிடுகிறது.

மங்கம்மாவின் புருஷன் வாசு சுரங்கத்தில் பாறை சரிந்து மாட்டிக்கொண்டபோது, பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ரெண்டு நாள் தட்டுகிற சத்தம் கேட்டது. மேலே ஷாஃப்ட் வாசலில் மங்கம்மா பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கேஜ் லிஃப்டில் ஏறி வந்த ஒவ்வொருவரிடமும் “இன்னும் தட்டறாரா?” என்று கேட்டாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நின்றவர்களில் சிரிலும் ஒருவர். ஊருக்கே தெரிந்த கதை.

“என்கிட்ட தனியா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே,” என்றாள் பியூலா.

சிரில் குத்தலே இல்லாமல்தான் சொன்னார். “ஒரு வரிகூட விடாம படிச்சவ நீ. எந்தப் பக்கம்னு லாய்ட் சொன்னதுமே உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா.”