வடக்கு எல்லை

"வடக்கு எல்லையைத் தாண்டிடுச்சு," என்றார் அப்பா, பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கிழக்கே நேத்து ரெண்டு தீவா இருந்தது, இன்னிக்கு ஒண்ணா சேர்ந்துடுச்சு."

"அது என் முதுகுப்பா," என்றாள் கட்டிலில் குப்புறப் படுத்திருந்த வாண்டு.

தொண்டை வலி, காய்ச்சல், ஒரு புட்டி ஆன்டிபயாடிக் எல்லாம் முடிந்து அவள் எழுந்து உட்கார்ந்த மறுநாள்தான் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. "காய்ச்சலோட மிச்சமா இருக்கலாம், மருந்து ஒத்துக்காம போயிருக்கலாம்," என்ற டாக்டர், தன் நீல பால்பாயிண்ட் பேனாவால் புள்ளிகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "புதுசா எங்க வந்தாலும் இதே மாதிரி சுத்திக் கோடு போடுங்க. கோட்டைத் தாண்டினா தூக்கிட்டு வந்துடுங்க, அட்மிட் பண்ணணும்."

யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டார்.

அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். பால்பாயிண்டை அவர் ஒரு பேனாவாகவே மதித்ததில்லை. எல்லைக் கோடு என்றால் அலுவலகத்துச் சிவப்பு மைதான். மழையில் நனைந்தாலும் போகாத மை.

முதுகில் இரண்டு புள்ளிகள் தெரிந்ததும் அந்தப் பேனாவை எடுத்து வந்து கோடு போட்டார். காலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. அதற்கு வெளியே இன்னொரு கோடு போட்டார். அதையும் தாண்டியது.

"எரியுதுப்பா."

"ஆடாத. கோடு கோணலாயிடும்."

"புள்ளையப் பாருங்கன்னா பூமியப் பாக்கறீங்களே," என்றாள் அம்மா. அவள் ஏற்கெனவே துண்டு, டம்ளர், மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "மணிக்கட்டுல வந்தது மட்டும் தன்னால அடங்கிடுச்சு. முதுகுல ஏன் இந்த ஆட்டம் ஆடுது?"

"மணிக்கட்டு அமைதியான எல்லை," என்றார் அப்பா. "முதுகுல தகராறு இருக்கு."

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபத்தை வாண்டுவின் மாமாவான தன் தம்பியின் பக்கம் திருப்பினாள். முந்தின நாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது வாண்டுவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. வெக்கைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டார். அம்மா திரும்பி வந்து கதவைத் தட்டியபோது கலைந்த தலையோடு சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்து திறந்தார்.

"நேத்து பகலெல்லாம் தூங்கினியாடா?"

"கண்ணை மூடிட்டு பாத்துட்டு இருந்தேன்க்கா."

"புள்ளையப் பாத்துக்கடான்னா, புள்ள உன்னைப் பாத்துட்டு இருந்திருக்கு."

"அதே நேரத்துலதான் என் பேனாவும் காணாம போச்சு," என்றார் அப்பா. "சாயங்காலம் பாத்தா இவ தலையணைக்கு அடியில கிடக்கு, மூடிகூட இல்லாம. காஞ்சு போனா புதுசு யாரு குடுப்பா?"

வாண்டு போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டாள்.

க்ளினிக்கில் டாக்டர் அவள் முதுகை வெகுநேரம் பார்த்தார். அப்பா பக்கத்தில் நின்று எல்லை எல்லையாக விளக்கினார். தெற்கே ஒரு விரல் அகலம், கிழக்கே இரண்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மருந்து நிறுத்தியாச்சு. காய்ச்சலும் இல்ல. ஆனா நிக்காம பரவுது. எனக்கே புரியல." தொலைபேசியை எடுத்தார். "பெரிய ஆஸ்பத்திரியில பெட் இருக்கான்னு கேக்கறேன். இனிமே அந்த மருந்தை இவளுக்கு ஜென்மத்துக்கும் குடுத்துடாதீங்க."

"ஊசி போடுவாங்களாம்மா?" என்றாள் வாண்டு. அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வந்ததிலிருந்து மாமா வாசல் நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டே நின்றார். இப்போது மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், இது ஒட்டுமா?"

"ஒட்டாது."

"எனக்கு ஒட்டிடுச்சே. ராத்திரியிலேருந்து முதுகு தீயா எரியுது."

"எம்மேல இருக்கற கோவத்துக்கு நீயும் படுத்துடாதடா," என்றாள் அம்மா.

மாமா திரும்பி நின்று சட்டையைத் தூக்கினார். டாக்டர் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினார். அப்பா பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முதுகின் நடுவில் உருண்டையாக ஒரு சிவப்புத் தடிப்பு. அதன்மேல் இரண்டு முக்கோணங்கள். இரண்டு பக்கமும் மும்மூன்று மெல்லிய கோடுகள், ஒவ்வொன்றும் வீங்கிப் புடைத்திருந்தது.

"என்ன டாக்டர், ரொம்ப மோசமா?" என்றார் மாமா, திரும்பிப் பார்க்க முடியாமல்.

"இதுக்கு... காது இருக்கு," என்றார் டாக்டர்.

வாண்டு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"பூனைதான். வால் போடறதுக்குள்ள மாமா திரும்பிப் படுத்துட்டாரு."