சுவரோரக் கட்டங்கள்

"உண்மையைச் சொல்லு மிலென்கா. கணக்குல எங்க கை வெச்சே?"

கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள் க்ளெனிஸ். பெர்த் நகரின் அந்தக் குழாய் நிறுவனத்துக்கு அவள்தான் தலைமைப் பொறியாளர். எதிரே நின்ற மிலென்கா, போட்டி நிறுவனத்திலிருந்து சமீபத்தில் வந்து சேர்ந்தவள்.

"எங்கேயும் வைக்கலை. நீங்க நினைச்சதைவிடப் பெரிய பம்ப் வேணும். சின்னதைப் போட்டா, கோடையில அந்தச் சுரங்க ஊருக்குத் தண்ணி போய்ச் சேராது."

"அப்ப ராய்டன் போட்ட கணக்கு?"

ஜன்னலோரம் இறைச்சி அடைத்த மீட் பை தின்றுகொண்டிருந்த ராய்டன் சிரித்தான். சோதனைக் கொட்டகை அவன் பொறுப்பு.

"கணக்கை விடு க்ளெனிஸ். நிஜக் குழாய்ல நிஜத் தண்ணியை ஓட்டியே அளந்துட்டேன். என் கணக்கும் அந்த அளவும் அச்சு அசலா ஒண்ணு. மகாராணியோட கணக்கு மட்டும்தான் தனியா நிக்குது. பழைய முதலாளிக்குச் செஞ்சோற்றுக் கடன் போல."

க்ளெனிஸுக்கும் அதே சந்தேகம்தான். பெரிய பம்ப் என்றால் விலை ஏறும். சுரங்க ஊருக்குக் குழாய் போடும் ஒப்பந்தம் நேரே போட்டியாளர் மடியில் போய் விழும். இருபது வருடப் பழக்கமான ராய்டனை நம்புவதா, நேற்று வந்தவளை நம்புவதா?

"கம்ப்யூட்டர்ல குழாயைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சுத்தானே கணக்குப் போடறோம்?" என்றாள் மிலென்கா. "தண்ணி உரசுறது சுவரை ஒட்டி. அங்க கட்டம் மெல்லிசா இல்லேன்னா உரசல் முழுசா கணக்குல வராது. ராய்டன் சுவரோரம் தடித்தடியா வெச்சிருக்கார்."

"தடியோ மெல்லிசோ, விடை சரியா வந்துச்சில்ல?" என்றான் ராய்டன்.

"அதுதான் எனக்கும் புரியலை. உங்க கட்டத்தைக் கொஞ்சம் மெல்லிசாக்கினேன், விடை மாறிச்சு. இன்னும் மெல்லிசாக்கினேன், மறுபடி மாறிச்சு. என் கட்டத்தை எவ்வளவு நறுக்கினாலும் விடை அசையலை."

"அதனால?" க்ளெனிஸின் குரலில் இன்னும் சூடு தணியவில்லை.

"அசையற விடை தண்ணியோடது இல்ல, கட்டத்தோடது. தடிக் கட்டம் பண்ற தப்பை, நிஜத் தண்ணியும் எப்படி இம்மி பிசகாமப் பண்ணிச்சு?"

ராய்டன் மெல்வதை நிறுத்தினான்.

க்ளெனிஸ் மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள். "கொட்டகைச் சாவி எங்க?"

"இப்ப எதுக்கு? திங்கக்கிழமை ஓட்டியே காட்டறேனே."

"ஓட்ட வேண்டாம். பார்த்தாப் போதும்."

கொட்டகைக்குள் அந்தச் சோதனைக் குழாய் பளபளவென்று நின்றது. அதன் இரண்டு வாயிலும், தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய பிளாஸ்டிக் மூடிகள் ஒட்டுநாடாகூடப் பிரியாமல் அப்படியே இருந்தன.